தெறி பூட்ட முடியாத கை: கழுத்து ஒப்பரேசன் பற்றி ஒட்டுசுட்டான் பக்கத்துக் கேள்வி

ஒரு சகோதரி எழுதிய கடிதம், சுருக்கமாக:

“இவருக்கு வயது 54. வயல்தான் தொழில். ஒரு வருசமாக இரண்டு கையும் விறைப்பு. சேட்டுத் தெறி பூட்ட என்னைக் கூப்பிடுகிறார். வரம்பில் நடந்தால் கால் தடுமாறுகிறது. கழுத்தில் நோ பெரிதாக இல்லை. 2009இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று இடது தோளில் இன்னமும் கிடக்கிறது. அதைச் சொன்னவுடன் ஒரு இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறு கிழமை கழித்து வேறு இடத்தில்தான் எடுத்தோம். கழுத்தில் இரண்டு தட்டுகள் முண்ணாணை நெரிக்கின்றன, முன்பக்கத்தால் வெட்டித் தட்டை எடுத்து எலும்புகளைப் பொருத்தித் தகடு வைக்கவேணும் என்று நிபுணர் சொல்கிறார். பக்கத்து வளவு அண்ணைக்கும் இதே ஒப்பரேசன் செய்து மூன்று வருசம். அவருக்குக் கழுத்து நோ அப்படியே இருக்கிறது. குரல் போகும், கைகால் இழுத்துப்போகும் என்று சனம் வெருட்டுகிறது. கனடாவில் இருக்கிற என்ரை அண்ணா, காசு அனுப்புறன், இந்தியாவுக்குக் கொண்டுபோ என்கிறார். இவரோ சிறுபோகம் வெட்டட்டும், ஆவணியில் பார்க்கலாம் என்கிறார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவிலுக்குக் காவடி நேர்த்தியும் இருக்கு. நான் என்ன செய்ய?”

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் தகடும் இல்லை, குரலும் இல்லை. தெறி பூட்ட உங்களைக் கூப்பிடுகிறார் என்ற அந்த ஒரு வரி. அடுத்தது, வரம்பில் கால் தடுமாறுவது. நோ பெரிதாக இல்லை என்பதை நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் இயன்மருத்துவர், சனம் ‘பிசியோ’ என்று கூப்பிடுகிற ஆள். கத்தி என் கையில் இல்லை. ஒப்பரேசன் முடிந்து தையலும் வெட்டிய பிறகுதான் அந்தக் கழுத்து என்னிடம் வரும். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், சிலவேளை ஐந்து வருசம் கழித்துச் சந்தைக்குள்ளே. ஆகவே வெட்டுகிற விதத்தைவிட, வெட்டிய பின் மனிதர் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் என்னால் கூடச் சொல்லமுடியும். இவரை நான் தொட்டுப் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. கடைசிச் சொல் உங்கள் நிபுணருடையது.

கழுத்தில் எலும்பு ஏழு. மேலே இரண்டைத் தவிர, ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் மெத்தை போல ஒரு தட்டு. எலும்புகளுக்குப் பின்னால் உள்ள குழாய்க்குள் சுண்டுவிரல் பருமனில் முண்ணாண், அதாவது மூளையிலிருந்து வரும் நரம்புக் கயிறு, இறங்குகிறது. அதிலிருந்து ஒவ்வொரு மட்டத்திலும் இடமும் வலமுமாக நரம்பு பிரிந்து கைக்குப் போகிறது. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிற பக்கத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். கிளை வாய்க்காலில் ஒரு மரக்குத்தி விழுந்தால் அந்த ஒரு துண்டு வயல்தான் காயும். பெரிய வாய்க்காலில் விழுந்தால் கீழே இருக்கிற எல்லாருக்கும் தண்ணி குறையும். பிதுங்கிய தட்டு, பிரிந்து போகும் நரம்பை மட்டும் நெரித்தால் ஒரு கையில் தோளிலிருந்து விரல்வரை மின்னல் அடித்ததுபோல நோ வரும். ஆள் இரவில் நித்திரை கொள்ளாமல் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார். முண்ணாணையே நெரித்தால் கதை வேறு. இரண்டு கையும் விறைக்கும், நுணுக்கமான வேலை கைவிட்டுப் போகும், நடை தள்ளாடும், சிலருக்குச் சலம் அடக்கமுடியாமல் வரும். குனிந்தால் முதுகு வழியே கரண்ட் இறங்குவதுபோல இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். இத்தனையும் நோ இல்லாமலே நடக்கலாம். அதனால்தான் சனம் ஏமாறுகிறது. “வயசு போகுது, மண்வெட்டி பிடிச்ச கை விறைக்கத்தானே செய்யும்” என்று ஒரு வருசம் போய்விடும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் போயிருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். இன்றைக்கே பாருங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, 10 செக்கனுக்குள் எத்தனை தரம் கையை முழுதாகப் பொத்தி முழுதாக விரிக்கமுடிகிறது என்று எண்ணுங்கள். சுகமான கை 20 தரமாவது செய்யும். அடுத்தது, நிலத்தில் கயிறு போட்டதுபோல நேர்கோட்டில், குதிக்கால் மற்றக் காலின் பெருவிரலைத் தொடும்படி பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். விழாமல் பிடிக்க நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இரண்டையும் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி, இரண்டு கிழமைக்கு ஒருதரம் பாருங்கள். 16 தரம் பொத்திய கை 12க்கு வந்தால், நோ இருக்கோ இல்லையோ, கிளினிக் திகதி வரும்வரை இருக்கவேண்டாம். நோவை வைத்து இந்த வருத்தத்தை அளக்கக்கூடாது. கையையும் நடையையும் வைத்துத்தான் அளக்கவேணும்.

இனி உங்கள் பக்கத்து வளவு அண்ணையின் கதை. அவருக்கு எதற்காகச் செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். என் ஊகம், கைநோவுக்காகச் செய்திருப்பார்கள், அல்லது கழுத்து நோவுக்கே செய்திருப்பார்கள். வெளியில் ஒரே தையல் அடையாளம், ஒரே தகடு. ஆனால் உள்ளே மூன்று வேறு காரியங்கள். ஒரு நரம்பு நெரிபட்டு வரும் கைநோவுக்குச் செய்தால், பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்கு அந்த நோ குறைகிறது. சிலருக்கு மயக்கம் தெளியும்போதே கை இலேசாகிவிடும். இத்தனைக்கும் அந்த வகைக் கைநோ, வெட்டாமலே பல பேருக்குச் சில கிழமைகளில் அல்லது சில மாதங்களில் தணிந்துவிடும். அதனால் கை பெலன் குறையாதவரை முதலில் குளிசையும் பயிற்சியுமாகப் பொறுத்துப் பார்ப்பார்கள். கழுத்து நோ மட்டும் இருக்கிறவருக்கு இந்த ஒப்பரேசன் செய்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கழுத்து நோவுக்கு தசை, மூட்டு, நித்திரையின்மை, மனப்பாரம் என்று பல வேர்கள் உண்டு. ஒரு தட்டை எடுத்தால் எல்லா வேரும் அறாது. அண்ணையின் கை சுகமாகி, கழுத்து மட்டும் இன்னமும் நொந்தால், ஒப்பரேசன் பிழைத்துவிட்டது என்று சொல்லமுடியாது. இவருடைய காரியம் மூன்றாவது வகை, முண்ணாண். அண்ணையின் கழுத்தை வைத்து இவருக்கு முடிவெடுக்கவேண்டாம்.

முண்ணாணுக்காகச் செய்யும்போது முதல் நோக்கம், இனிமேல் கீழே போகாமல் நிறுத்துவது. பெரும்பாலானவர்களுக்கு ஓரளவு முன்னேற்றமும் வருகிறது: நடை உறுதிப்படும், கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதம், ஒரு வருசத்துக்குள் தெரியும். விரல்நுனி விறைப்பு முழுதாகப் போகாமலே நின்றுவிடலாம். ஒப்பரேசன் முடிந்து மூன்றாம் கிழமை, “இன்னும் விறைக்குது, வீணாய் வெட்டிப்போட்டினம்” என்று என்னிடம் கோபத்தோடு வருகிறவர்கள் பலர். அவர்களுக்கு முதலே யாரும் இதைச் சொல்லவில்லை, அல்லது சொன்னது காதில் விழவில்லை. நசிந்த நரம்பு ஆறுவது மெதுவாக. நசிந்து கனகாலம் ஆனது முழுதாக ஆறாமலும் போகும். எவ்வளவு காலம் நெரிபட்டது, எவ்வளவு கெட்டுப்போன பிறகு செய்தோம், வயது, புகை: பலனைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இவைதான்.

அதனால்தான் ஆவணிக்குத் தள்ளிவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 2017இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் ஒன்று இந்த வருத்தத்தை இலேசு, நடுத்தரம், கடுமை என்று பிரிக்கிறது. நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் சத்திரசிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. இலேசானதுக்கு ஒன்றில் சத்திரசிகிச்சை, அல்லது மேற்பார்வையோடு பயிற்சி செய்து, மோசமானால் உடனே வெட்டுவது. தெறி பூட்ட முடியாமல், நடையும் தள்ளாடும் ஒருவரை ‘இலேசு’ என்ற பெட்டிக்குள் போட எனக்குத் துணிவில்லை. இன்னொன்று, ஏற்கனவே நெரிபட்டுக் கிடக்கும் முண்ணாணுக்கு ஒரு சின்ன விழுகை போதும். சறுக்கி வரம்பில் முகங்குப்புற விழுந்தால், கிரவல் றோட்டில் மோட்டார்சைக்கிள் சரிந்தால், எலும்பு ஒன்றும் உடையாமலே இரண்டு கையும் பெலன் இழந்துபோகலாம். கால் தடுமாறுகிற மனிதர் சேற்று வரம்பில்தான் நாள் முழுக்க நிற்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். சிறுபோகத்தை இந்தமுறை குத்தகைக்கோ தம்பிமாரிடமோ விடமுடியுமா என்று பாருங்கள்.

முடிவெடுக்கும் வரைக்கும் ஒரு காரியம் கட்டாயம் செய்யக்கூடாது. கழுத்தை யாரும் முறிக்கக்கூடாது. எண்ணெய் போட்டு மெல்லத் தடவினால் பரவாயில்லை. சடக்கென்று திருப்பி நெட்டி முறிப்பது கூடாது. சலூனில் தலைமயிர் வெட்டி முடிய, காசு கேட்காமல் செய்கிற அந்தக் கடைசி வேலையும் இதற்குள் அடக்கம்.

இனிச் சனம் வெருட்டுகிற விசயங்களுக்கு வருவோம். எங்கள் இடத்தில் ‘முள்ளந்தண்டு’ என்ற சொல்லுக்கு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு கனம் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் சக்கரக்கதிரையில் இருக்கிற ஒருவரையாவது தெரியாத குடும்பம் வன்னியில் குறைவு. அவர்களை அப்படி ஆக்கியது ஷெல்லும் சன்னமும். ஆனால் ‘முள்ளந்தண்டில் கை வைத்தால் கதிரைதான்’ என்று அது மனதில் பதிந்துபோய்விட்டது. இந்த ஒப்பரேசனால் முண்ணாண் பழுதாவது நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். நடக்கும், ஆயிரத்தில் ஒருசிலருக்கு. இவரைப் பொறுத்தவரை, சும்மா இருந்தால் கைகால் பெலன் குறைகிற ஆபத்து அதைவிடப் பெரிது.

முன்பக்கத்தால் கழுத்துக்குள் போகும் வழி புதிதல்ல. 1958இல் அமெரிக்காவில் சிமித், றொபின்சன் என்ற இருவர் ஒரு முறையையும் குளோவாட் என்பவர் தனியே இன்னொரு முறையையும் எழுதி வெளியிட்டார்கள். இன்றைக்குச் செய்வதும் அந்த வழிதான். கழுத்து மடிப்போடு சேர்த்து மூன்று, நாலு சென்ரிமீற்றர் வெட்டு. உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒரு பக்கம், பெரிய இரத்தக்குழாயை மறுபக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தட்டை எடுப்பார்கள். அந்த இடைவெளியில் ஒரு சிறு செயற்கைக் கூட்டையோ, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டையோ வைத்து, மேலே தகடும் ஆணியும். எலும்பு எடுத்தால் சிலருக்குக் கழுத்தைவிட இடுப்பு கனநாள் நோகும். உங்கள் நிபுணர் எதை வைக்கப்போகிறார் என்று கேளுங்கள்.

அந்த ‘ஒதுக்கிப் பிடித்தல்’ என்ற சொல்லுக்குள்தான் பாதிச் சிக்கல்கள் இருக்கின்றன. உணவுக்குழாயை இழுத்துப் பிடித்ததால் விழுங்க அந்தரமாக இருக்கும். முதல் நாட்களில் இது மிகமிகச் சாதாரணம். பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளில் குறைந்து மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடும். ஒரு சிறு பகுதியினருக்கு நீடிக்கும். இரண்டு, மூன்று தட்டு எடுத்தவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் கூடுதலாக வரும். இதற்குச் சமையல்கட்டில் வழி இருக்கிறது. பிட்டையும் றொட்டியையும் கொஞ்சநாள் தள்ளிவையுங்கள். இடியப்பம் என்றால் சொதியில் நன்றாக ஊறவேணும். கஞ்சி, குழைந்த சோறு, மசித்த பூசணி, பருப்பு. நிமிர்ந்து இருந்து, சின்னச்சின்ன வாயாக, பராக்குப் பார்க்காமல், கதைக்காமல் சாப்பிடவேணும். நாள் போகப்போகக் குறையாமல் கூடினால், அல்லது சாப்பிடும்போது புரையேறி இருமினால், அல்லது காய்ச்சலும் வந்தால் தாமதிக்கவேண்டாம். உணவுக்குழாயில் துளை விழுவது மிக அரிது, ஆனால் விழுந்தால் உயிருக்கு ஆபத்து.

குரல் போகும் என்பதும் முழுப்பொய் அல்ல. குரல்வளைக்குப் போகும் மெல்லிய நரம்பு ஒன்று அந்த வழியில்தான் ஓடுகிறது. இழுபட்டால் குரல் கரகரக்கும், உரத்துக் கூப்பிட முடியாது. மயக்கத்துக்காகத் தொண்டைக்குள் விட்ட குழாயாலும் சில நாள் கரகரப்பு வரும். அநேகமாகச் சில கிழமை, சில மாதத்தில் திரும்பிவிடும். நிரந்தரமாகக் கெடுவது மிகச் சிலருக்கே. இவருக்கு முன்னர் தைரொயிட் போன்ற வேறு கழுத்து ஒப்பரேசன் ஏதும் நடந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். ஒரு பக்க நரம்பு ஏற்கனவே பழுதாக இருந்து மற்றப் பக்கமும் போனால் மூச்சுக்கே இடைஞ்சல். அதனால் முதலில் தொண்டையைப் பார்ப்பார்கள்.

நான் உண்மையில் பயப்படுவது, சனம் பேசாத ஒன்றுக்கு: உள்ளே இரத்தம் கட்டி மூச்சுக்குழாயை நெரிப்பது. நூறில் ஒருவருக்கும் வராது எனலாம். வந்தால் பெரும்பாலும் முதல் சில மணித்தியாலங்களில், முதல் நாளுக்குள் வரும், அபூர்வமாகச் சில நாள் கழித்து. கழுத்து வீங்கி இறுகும், படுக்கமுடியாது, எழும்பி இருக்கச் சொல்லும், குரல் மாறும், மூச்சு இழுக்கும். வார்ட்டில் என்றால் உடனே நேர்ஸைக் கூப்பிட்டு ‘மூச்சு எடுக்க ஏலாமல் இருக்கு’ என்று உரத்துச் சொல்லுங்கள். அவர்கள் கட்டிலிலேயே தையலை வெட்டிவிடக்கூடும். வீட்டில் என்றால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். விடியட்டும் என்று இருக்கக்கூடாது. இதற்காகவே, துண்டு வெட்டி வைத்தியசாலையிலிருந்து விட்டவுடன் நேரே காட்டுக்கரை வீட்டுக்குப் போகாமல், முதல் நாலைந்து நாள் வைத்தியசாலைக்குக் கிட்ட ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கமுடிந்தால் நல்லது. இரத்தம் இளக்கும் குளிசை, அஸ்பிரின் மாதிரி, ஏதும் போடுகிறார் என்றால் முன்கூட்டியே நிபுணருக்குத் தெரியவேணும்.

இன்னொரு சிக்கல் ஆளைக் கலங்கவைக்கும். ஒப்பரேசன் நன்றாக முடிந்து, இரண்டாம் மூன்றாம் நாள் திடீரென ஒரு தோளைத் தூக்கமுடியாமல் போகும். தலை சீவமுடியாது, சேட்டுக்குள் கை நுழைக்கமுடியாது. தோள்தசைக்குப் போகும் ஐந்தாம் நரம்பின் சுணக்கம் அது. முண்ணாண் நெரிவை விடுவித்த நூறு பேரில் ஐந்து பேர் அளவில் இதைக் காண்கிறோம். பின்பக்கத்தால் செய்தால் இன்னும் கூடுதல். அநேகமானோருக்கு மாதக்கணக்கில் திரும்பி வருகிறது. அந்த மாதங்களில் தோள் இறுகிப் போகாமல் பார்ப்பது எங்கள் வேலை, அதனால் கட்டாயம் பயிற்சிக்குக் கூட்டிவாருங்கள். தோளைத் தூக்கமுடியாததை உடனே வைத்தியருக்கும் சொல்லுங்கள். காயத்தில் கிருமி பிடிப்பது முன்பக்கத்தில் குறைவு. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு மட்டும் கூடுதலாக வரும்.

எலும்பு பொருந்துவது வேறு கதை. தகடும் ஆணியும் தற்காலிகப் பந்தக்கால். நிரந்தர வேலை எலும்புடையது. அது பொருந்த மூன்று மாதத்திலிருந்து ஒரு வருசம்வரை எடுக்கும். ஒரு தட்டு என்றால் நூறில் ஒருசிலரிலிருந்து பத்துப் பேர்வரை பொருந்தாமல் போகிறது. தட்டு கூடக்கூட எண்ணிக்கையும் ஏறும். பொருந்தாத எல்லாருக்கும் நோ வருவதில்லை. சிலருக்கு வரும், ஆணி தளரும், திரும்பவும் வெட்டவேண்டி வரும். இதில் உங்கள் கையில் இருக்கிற ஒன்று புகை. இவர் சுருட்டோ பீடியோ குடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. குடிப்பார் என்றால் இன்றைக்கே நிறுத்தவேணும், ஒப்பரேசனுக்குப் பிறகும் மாதக்கணக்கில் தொடக்கூடாது. வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் அதே நிக்கொட்டின்தான்; ‘நான் குடிக்கிறேல்லை, சப்புறன்’ என்பது கணக்கில் சேராது. கடையில் வாங்கிப் போடும் நோக்குளிசைகளில் சிலவும் ஆரம்பத்தில் எலும்பு பொருந்துவதைச் சுணக்கக்கூடும். எதைப் போடலாம் என்று துண்டு வெட்டும்போது எழுதி வாங்குங்கள்.

பல வருசம் கழித்து வருகிற சிக்கல் ஒன்றும் இருக்கிறது. இரண்டு எலும்பு ஒன்றாகிவிட்டால் அதற்கு மேலும் கீழும் உள்ள தட்டுகளுக்குச் சுமை கூடும். 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 374 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பக்கத்துத் தட்டால் புதிதாக வருத்தம் கண்டவர்கள் ஆண்டுக்கு நூறில் மூன்று பேர் அளவில். பத்து வருசத்தில் நாலில் ஒருவர் என்று கணக்கிட்டார்கள். அவர்களில் பலருக்கு மறுபடி வெட்டவும் வேண்டிவந்தது. அது தகட்டின் குற்றமா, தேய்கிற கழுத்து எப்படியும் தேய்ந்திருக்குமா என்பதில் நிபுணர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். செயற்கைத் தட்டு என்று ஒன்று இருக்கிறது, அசைவை விட்டுவைக்கும். ஆனால் எல்லாக் கழுத்துக்கும் அது பொருந்தாது. மூட்டு நன்றாகத் தேய்ந்தவர்களுக்கு வைக்கமாட்டார்கள். இவருக்கு ஏன் அது வேண்டாம் என்கிறார் என்று நிபுணரிடம் ஒரு கேள்வி கேட்கலாம், தப்பில்லை.

‘கழுத்து திரும்பாது, றோட்டைக் குறுக்கறுக்கவும் ஏலாது’ என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். இடம் வலம் திருப்புவதில் பாதி, தலைக்குக் கீழே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் நடக்கிறது. அதை யாரும் தொடப்போவதில்லை. இரண்டு மட்டம் பொருத்தினால் தென்னையில் குரும்பை எண்ண அண்ணாந்து பார்ப்பதில் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்.

ஷெல் துண்டுக்கு வருகிறேன். உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆறு கிழமை போனது எனக்கும் கோபம்தான். ஆனால் அவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு. எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு பெரிய காந்தம். இரும்புத் துண்டு அதற்குள் அசையலாம், சூடேறலாம். கண்ணுக்குள்ளோ முண்ணாணுக்கோ பெரிய இரத்தக்குழாய்க்கோ கிட்ட இருந்தால் எடுக்கவே மாட்டார்கள், சி.ரி. ஸ்கானால் சமாளிப்பார்கள். தோள் தசைக்குள் பல வருசம் கிடந்து தசை மூடிய துண்டு என்றால், எக்ஸ்ரே பார்த்து முடிவெடுக்கலாம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: உடம்பில் துண்டு இருக்கிறது என்பதை ஒளிக்காதீர்கள். எங்கே பட்டது, எப்போது பட்டது என்று யாரும் விசாரிப்பார்களோ என்ற பயத்தில் சொல்லாமல் விட்டவர்களைக் கண்டிருக்கிறேன். ‘உள்ளே இரும்பு இருக்கு, இந்த இடத்தில்’ என்றால் போதும். எடுத்த எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் அடுத்தமுறை ஆறு கிழமை போகாது. கழுத்தில் வைக்கும் தகடு பொதுவாக டைட்டேனியம். தோளில் கிடக்கும் துண்டு அதற்கு இடைஞ்சல் இல்லை, பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கவும் அந்தத் தகடு தடையாக இராது.

அண்ணாவின் காசு. இந்தியாவில் நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒப்பரேசனின் சிக்கல்களில் பாதி, வீட்டுக்கு வந்த பிறகு வருகிறவை. மூன்றாம் கிழமை விழுங்கமுடியாமல் போனால் வெட்டியவர் கடலுக்கு அப்பால் இருப்பார். அரச வைத்தியசாலையில் ஒப்பரேசனுக்குக் காசு வாங்கமாட்டார்கள். தகடோ கூடோ வெளியில் வாங்கித் தரச் சொன்னால் எவ்வளவு என்று முன்பே கேட்டுவைத்து, ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி கிடைக்குமா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அண்ணாவிடம் நான் கேட்பதாக இருந்தால், வயலுக்குக் கூலி, கிளினிக்குக்குப் போய்வர வான் கூலி, நீங்கள் தங்கிநிற்கும் செலவு, இவற்றைத்தான் கேட்பேன். மனம் கேட்கவில்லை என்றால் ஸ்கான் படங்களை இரண்டாவது நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். அதற்காக மாதக்கணக்கில் இழுக்கவேண்டாம்.

நிபுணரிடம் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். இது நரம்புக்கா, முண்ணாணுக்கா, கழுத்து நோவுக்கா? இவருக்கு எது திரும்பி வரும், எது வராது என்று நினைக்கிறீர்கள்? எத்தனை கிழமை பொறுக்கலாம்? மூன்றாவதுக்கு அவர் சொல்லும் பதிலைப் பார்த்துத் திகதி எடுங்கள்.

வீட்டுக்கு வந்த பின், பாயில் படுக்கவேண்டாம், கட்டில் இரவல் வாங்கியாவது போடுங்கள். எழும்பும்போது பக்கம் சரிந்து, கையை ஊன்றி எழும்பவேணும். நடை முதல் நாளிலிருந்தே. ஒழுங்கை முடக்கு வரை, பிறகு பிள்ளையார் கோவில் வரை. கழுத்துப்பட்டி சில நிபுணர்கள் போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். உங்கள் நிபுணர் சொன்னதைக் கேளுங்கள். கிணற்றில் தண்ணி இழுப்பது, 50 கிலோ யூரியா பை, தோளில் மாட்டும் 16 லீற்றர் மருந்துத் தாங்கி, லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரக் குலுக்கல், இவை எல்லாம் குறைந்தது மூன்று மாதத்துக்கு இல்லை. எக்ஸ்ரே பார்த்து நிபுணர் சொன்ன பிறகுதான். மோட்டார்சைக்கிளும் அப்படியே.

கடைசியாக வற்றாப்பளை. கண்ணகை அம்மனிடம் வைத்த நேர்த்தியில் தலையிட எனக்கு உரிமை இல்லை, ஆனால் கழுத்து என் பக்கம். இந்த வைகாசியில் தோளில் காவடி வைத்து ஆடக்கூடாது, வெட்டினாலும் வெட்டாவிட்டாலும். பிரதட்டையும் கூடாது, உருளும்போது கழுத்து போகிற போக்கை யாராலும் பிடிக்கமுடியாது. அந்தச் சனநெரிசலுக்குள் தடுமாறும் காலோடு அவர் தனியே நிற்பதும் எனக்கு விருப்பமில்லை. அவருக்காக நீங்கள் கற்பூரச்சட்டி எடுப்பதாக இருந்தால், அதற்கு என்னிடம் ஆட்சேபனை இல்லை.